பறவைத் திட்டில் டேக் தேடல்: எத்தனை சால்மன் குஞ்சுகள் இரையாயின என்று கணக்கிடும் முறை

அமெரிக்காவின் கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்குமிடத்தில் ஈஸ்ட் சாண்ட் என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய காஸ்பியன் ஆலாக் குடியிருப்பு அங்கேதான் இருந்தது. குளிர்காலத்தில் கோடியக்கரையிலும் மன்னார் கடற்கரையிலும் நாம் பார்க்கும் அதே செவ்வலகு ஆலாதான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் சால்மன் குஞ்சுகளையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீல்ஹெட் மீன் குஞ்சுகளையும் இந்தப் பறவைகள் பிடித்துத் தின்கின்றன. அந்த மீன்களில் பல வகைகள் அழியும் நிலையில் உள்ளவையாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. பறவைகளும் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. இரு பக்கமும் காக்க வேண்டிய உயிர்கள் என்பதால், "பறவை எவ்வளவு தின்றது?" என்ற கேள்விக்குத் தவறான எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. 2015 முதல் 2017 வரை இதே தீவில், சால்மன் குஞ்சுகளைத் தின்கின்றன என்பதற்காக நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் சுடப்பட்டன. எண் சரியாக இருக்க வேண்டியதன் அவசியத்துக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

விடை பறவைகளின் எச்சத்துக்கு அடியில் கிடக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் ஆண்டுதோறும் ஏராளமான மீன் குஞ்சுகளின் வயிற்றுக் குழிக்குள் பிட் டேக் வைத்து விடுகிறார்கள். சுமார் 12 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள கண்ணாடிக் குப்பி அது. உள்ளே ஒரு ஃபெர்ரைட் தண்டு, அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு சிப். பேட்டரி கிடையாது. 134.2 கிலோஹெர்ட்ஸ் அலை பட்டால் தன் எண்ணைச் சொல்லும். மீனைத் தின்ற பறவை டேக்கைக் கக்கியோ எச்சத்தோடு வெளியேற்றியோ கூட்டருகில் போடுகிறது. அந்த எண்ணைப் படித்தால் மீனின் இனம், விடப்பட்ட இடம், கடைசியாக எந்த அணையைக் கடந்தது என்பதெல்லாம் இந்த டேக்குகளின் பதிவேடான பிட்டாகிஸ் தரவுத்தளத்தில் கிடைத்துவிடும்.

பருவத்துக்கு முன்

முதலில் அனுமதி. நிலத்தின் உரிமையாளர், மத்திய வனவிலங்குத் துறை, மாநிலத் துறை மூன்றிடமும் எழுத்தில் வாங்குங்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கும்போது திட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. ஆலாக்கள் எழுந்து பறந்த சில நொடிகளில் பக்கத்துக் கடற்காகங்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தூக்கிவிடும்.

அடுத்த வேலையைத்தான் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள்: சோதனை டேக் தூவுதல். எவ்வளவு கவனமாகத் தேடினாலும் தரையில் கிடப்பதில் ஒரு பகுதி கையில் சிக்காது. காற்று மணலை மூடும், மழை அடித்துப் போகும், பறவைகள் மிதித்து ஆழத்தில் புதைக்கும், குப்பி உடையும். எவ்வளவு விடுபடுகிறது என்று தெரிய, எண் குறித்து வைத்த டேக்குகளை நீங்களே தூவ வேண்டும். பறவைகள் வருமுன் மார்ச்சில் 100, அவை போனபின் தேடலுக்குச் சற்று முன் 100 என்பது குறைந்த அளவு. தொந்தரவு இல்லாமல் முடியும் இடங்களில் பருவத்தின் நடுவிலும் தூவினால் நல்லது. மீனில் வைக்கும் அதே வகை, அதே அளவு டேக்காக இருக்க வேண்டும். பெரிய டேக் தூரத்திலிருந்தே படிக்கும், உங்கள் தேடல் திறனைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். தூவும்போது வரிசையாகப் போடாதீர்கள். கூடுகள் அமையும் பரப்பு முழுவதும் தாறுமாறாக விழட்டும். தேடப் போகிறவருக்கு இடம் தெரியக் கூடாது.

தேடல்

கடைசிக் குஞ்சும் பறந்து போன பிறகே இறங்குங்கள். ஈஸ்ட் சாண்டில் பழுப்புக் கூழைக்கடாக்களும் தங்கும். அவை இருக்கும் கரைப்பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் தொடங்குங்கள்.

காய்ந்த எச்சத்தூளில் நோய்க்கிருமியும் பூஞ்சையும் இருக்கும். என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். 2023-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ராட் தீவில் பறவைக் காய்ச்சலால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காஸ்பியன் ஆலாக்கள் செத்தன. ஆகவே ஒரு தீவில் மிதித்த காலணியைக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்காமல் அடுத்த தீவில் வைக்காதீர்கள்.

திட்டைக் கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலத் தடங்களாகப் பிரியுங்கள். கம்பில் பொருத்திய வளைய ஆன்டெனாவைத் தரையிலிருந்து ஒரு கையகல உயரத்துக்குள் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஒரு தடம் முடிந்ததும் ரீடர் (ஆன்டெனா வழியாக டேக்கின் எண்ணைப் படிக்கும் கருவி) வேலை செய்கிறதா என்று கையில் வைத்திருக்கும் தனி டேக்கைக் காட்டிப் பாருங்கள். பேட்டரி இறங்கிப் போனதை அரை நாள் கழித்துக் கண்டுபிடித்தால் அந்த அரை நாளும் வீண். சோதிக்கும் டேக்கைக் கழுத்திலோ சட்டைப்பையிலோ மாட்டிக்கொள்ள வேண்டாம். அது தொடர்ந்து படிக்கப்பட்டுக் கீழே கிடப்பதை மறைத்துவிடும்.

டேக் கிடக்கும் திசை முக்கியம். வளையத்தின் நடுவில் காந்தப்புலம் செங்குத்தாக இறங்குகிறது. தரையில் படுத்துக் கிடக்கும் டேக்கின் சுருளுக்குள் அது நுழைவதில்லை, அதனால் நடுவில் வைத்தால் டேக் பேசாது. வளையத்தின் விளிம்புக் கம்பிக்குக் கீழே புலம் வளைந்து கிடைமட்டமாக ஓடும். படுத்த டேக் அங்கேதான் படிக்கும், அதுவும் கம்பிக்குக் குறுக்காகக் கிடந்தால் மட்டும். ஆகவே முதல் சுற்று வடக்கு-தெற்காக என்றால் இரண்டாவது சுற்று கிழக்கு-மேற்காகப் போக வேண்டும். ஒரே திசையில் நாலு முறை போவதைவிடக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை போவது மேல். இரண்டாவது சுற்றிலும் புது எண்கள் நிறைய வந்தால் மூன்றாவது சுற்றுக்குத் தயங்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், நெரிசல். இரண்டு டேக்குகள் ஒரே புலத்துக்குள் வந்தால் இரண்டும் ஒன்றாகப் பேசும், ரீடருக்கு எதுவும் புரியாது. ஆலாக் கூடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பல ஆண்டு டேக்குகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அங்கே பெரிய ஆன்டெனா குறைவாகவே கண்டுபிடிக்கும். சிறிய ஆன்டெனாவுக்கு மாறுங்கள். மேல் மண்ணைக் கிளறிவிட்டு மறுபடி தேடுங்கள். வலுவான காந்தத்தைத் தரையோடு இழுத்தால் ஃபெர்ரைட் தண்டுள்ள டேக்குகள் ஒட்டிக்கொள்ளும். இரும்புத் துகள் கலந்த கருமணலும் சேர்ந்து ஒட்டும் என்பதால் காந்தத்தை அடிக்கடி துடைக்க வேண்டும். எடுத்த டேக்குகளைத் திட்டில் திரும்பப் போடாதீர்கள், அடுத்த ஆண்டின் நெரிசல் அதோடு குறையும்.

திடீரென்று எதுவுமே படிக்கவில்லையா? சுற்றிலும் மின்காந்த இரைச்சல் தேடுங்கள். ஜெனரேட்டர், சார்ஜர், கைப்பேசி, இரும்புமுனைக் காலணி, பழைய வேலிக்கம்பி, மண்ணில் புதைந்த கம்பிவலை எல்லாமே ஆன்டெனாவைக் குழப்பும். உப்பு ஈரம் ஏறிய காலையில் ஆன்டெனாவை மறுபடி டியூன் செய்ய வேண்டியிருக்கும்.

நீர்க்காகங்கள் பாறைக்கற்களுக்கு இடையிலும் கூடு கட்டும். டேக் இடுக்கில் விழுந்தால் அந்த இடத்தின் தேடல் திறன் மணற்பரப்பைவிடக் குறையும். அதற்குத் தனியாக டேக் தூவித் தனியாகவே கணக்கிடுங்கள். அஸ்டோரியா-மெக்லர் பாலத்துக்கு இடம் மாறிய நீர்க்காகங்கள் விஷயத்தில் இந்த முறையே செல்லாது. அவை போடும் டேக் ஆற்றில் விழுந்து போய்விடுகிறது.

எண்ணைத் துப்புரவாக்குதல்

ரீடர் தரும் பட்டியலிலிருந்து முதலில் நீங்கள் தூவியவற்றை நீக்குங்கள். பிறகு போன ஆண்டுகளில் ஏற்கெனவே பதிவானவை. மிச்சமுள்ளதிலும் பழைய டேக் இருக்கும், இத்தனை நாள் புதைந்து கிடந்து இப்போது மேலே வந்தவை. அதனால் இந்த ஆண்டு உயிரோடு ஆற்றில் இறங்கியதற்குப் பதிவுள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து சுமார் 235 கி.மீ. மேலே உள்ள பான்வில் அணையில் பதிவானவை இதற்கு வசதி. இந்தப் பதிவான மொத்தமே உங்கள் வகுக்கும் எண். ஒரு மீன் வகையில் 500-க்கும் குறைவாகவே பதிவாகியிருந்தால் அந்த வகைக்கு விகிதம் சொல்லாமல் விடுவது நல்லது.

கணக்கு

கற்பனை எண்களில் பார்ப்போம். பான்வில் அணையை 10,000 டேக் வைத்த ஸ்டீல்ஹெட் கடந்தன. ஆலாத் திட்டில் அவற்றில் 600 கிடைத்தன. 6% என்று எழுதிவிட்டால் பாதிக் கணக்கோடு நின்றதாகும்.

தூவிய டேக்கில் 75% கிடைத்திருந்தால் தேடல் திறன் 0.75. 600-ஐ அதால் வகுத்தால் 800. தின்ற டேக்குகள் எல்லாமே திட்டில் விழுவதும் இல்லை. கடலிலும் கரையிலும் பறவை போட்டுவிடும், வயிற்றில் சேதமாகும், கடற்காகம் மீனோடு பறித்துப் போகும். டேக் வைத்த மீன்களைப் பறவைகளுக்குத் தின்னக் கொடுத்து அளந்து 2015-இல் வெளியிட்ட, தின்ற டேக்குகளில் திட்டில் விழும் பங்கின் மதிப்பு: காஸ்பியன் ஆலாவுக்கு 0.71, இரட்டைக் கொண்டை நீர்க்காகத்துக்கு 0.51, கலிஃபோர்னியக் கடற்காகத்துக்கு 0.15. ஆலாவுக்கு 800-ஐ 0.71-ஆல் வகுத்தால் 1,127, அதாவது 11.3%. அதே 600 டேக் கடற்காகத் திட்டில் கிடைத்திருந்தால் 5,300-ஐத் தாண்டும். எந்தத் திட்டில் எடுத்தது என்ற குறிப்பு தவறினால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

0.71 என்பதற்கும் 0.51 முதல் 0.89 வரை எல்லை உண்டு. அதைப் போட்டால் விடை 9 முதல் 15.7% வரை விரியும். தேடல் திறனின் ஐயமும் சேர்ந்தால் இன்னும் விரியும். அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாமல் இந்த வரம்பையே எழுதுங்கள்.

மார்ச்சில் தூவியது 60-ம் ஆகஸ்டில் தூவியது 90-ம் கிடைத்தால், ஏப்ரலில் தின்ற மீனுக்கும் ஜூனில் தின்ற மீனுக்கும் ஒரே திறனைப் போடக் கூடாது. தேதிக்கேற்பத் தேடல் திறன் எப்படி மாறுகிறது என்று காட்டும் லாஜிஸ்டிக் வளைவு வரைந்து, வாரவாரியாகத் திருத்துங்கள். சீக்கிரம் இறங்கும் மீன் வகைகளின் இழப்பு இல்லையென்றால் குறைந்து தெரியும்.

விடையை வாசிக்கும்போது

ஸ்டீல்ஹெட்டின் விகிதம் சினூக் என்ற சால்மன் வகையைவிட உயர்ந்து வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்டீல்ஹெட் குஞ்சு பெரியது, நீர்மட்டத்துக்கு அருகே நீந்துவது. ஆழமாக மூழ்காத ஆலாவுக்கு அது எளிதில் எட்டும். இடமும் கணக்கை மாற்றும். ஆற்றில் 34 கி.மீ. மேலே உள்ள ரைஸ் தீவில் 1999, 2000 ஆண்டுகளில் ஆலாக்களின் இரையில் 77, 90% சால்மன் இனக் குஞ்சுகள். கடலுக்கு நெருங்கிய ஈஸ்ட் சாண்டில் அதே ஆண்டுகளில் 46, 47%. கடல்மீன் கிடைக்கும் இடத்தில் பறவை அதையும் தின்கிறது. ஒரு பறவையையும் கொல்லாமல் ஆலாக்களை ரைஸ் தீவிலிருந்து ஈஸ்ட் சாண்டுக்கு ஈர்த்தது இந்த அறிவால்தான்.

11% தின்றன என்றால் பறவை இல்லாவிட்டால் 11% கூடுதலாகத் திரும்பி வரும் என்று பொருளல்ல. நோயும் காயமும் உள்ள குஞ்சுகளே அதிகம் பிடிபடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி எப்படியும் கடலில் செத்திருக்கும். அது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடில்லை. ஆகவே அறிக்கையில் "இரையான விகிதம்" என்றே எழுதுங்கள், "காப்பாற்றக்கூடிய விகிதம்" என்று எழுதாதீர்கள். கூடவே தூவிய டேக்குகளின் முழுப் பட்டியலையும் தேதியோடு தரவுத்தளத்தில் ஏற்றிவிடுங்கள். உங்களுக்குப் பின் அதே திட்டில் தேடுபவர் நீங்கள் தூவியதை மீன் என்று எண்ணாமல் இருக்க அது ஒன்றே வழி.