எலி தலைக்கும் கூரைக்கும் நடுவே: கேபிள் கட்டும் வேலை

நடமாடும் எலியின் மூளையிலிருந்து சிக்னல் எடுக்க வரும் மாணவர்கள் மின்முனையைப் பற்றிக் கேட்பார்கள், சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்பார்கள். அந்தச் சிக்னலை எலியின் தலையிலிருந்து மேலே கொண்டுபோகும் கேபிளைப் பற்றிக் கேட்பதேயில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரிக், அதாவது சோதனைக்கான அமைப்பு, கட்டுகிற டெக்னீஷியன் நான். என்னைக் கேட்டால் பாதித் தொல்லை தலைக்கும் கூரைக்கும் நடுவில்தான். கேபிள் இழுப்பது எலிக்குத் தெரிந்துவிட்டால் அதன் நடை மாறும். நடை மாறிய எலியிடம் என்ன அளந்து என்ன?

முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள். எலி நடமாடும் பெட்டி 1 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் நடுவிலிருந்து மூலைக்கு 71 செ.மீ. தொங்கும் புள்ளி 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், மூலைக்கு எட்ட சுமார் 1.66 மீட்டர் கேபிள் வேண்டும்; எலி நடுவுக்கு வந்ததும் 16 செ.மீ. தொய்வு விழும். பின்னங்காலில் எழுந்து நின்றால் இன்னும் கூடும். வாய்க்கு எட்டுகிற கேபிளை எலி விட்டுவைக்காது. அதே புள்ளியை 2.5 மீட்டருக்கு ஏற்றினால் தொய்வு 10 செ.மீ.தான், ஆனால் கேபிளும் நீளும், எடையும் ஏறும். நான் 2 மீட்டரில் நிறுத்திக்கொள்வேன்.

மிச்சத் தொய்வை எடுக்க இரண்டு வழி. கப்பியில் எதிர் எடை தொங்கவிடலாம், இல்லை மெல்லிய எலாஸ்டிக் கட்டலாம். கப்பி பார்க்க நன்றாக இருக்கும். எலி சட்டென்று எழும்போது எடை பின்தங்கும், கேபிள் ஒரு கணம் தொளதொளவென்று விழும். அதனால் என் ஓட்டு எலாஸ்டிக்குக்கு, அதுவும் நீளமானதுக்கு. குட்டை எலாஸ்டிக்கில் நடுவில் ஓர் இழுப்பு, மூலையில் வேறு இழுப்பு. நீளமாக விட்டால் வித்தியாசம் குறையும். ஹெட்ஸ்டேஜையும் (எலியின் தலையில் மாட்டும் சின்ன ஆம்ப்ளிஃபையர்) தொங்கும் கேபிளையும் தராசில் வைத்துப் பார்த்து, இழுப்பு அந்த எடைக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்படி கட்டுங்கள். தலையை மேலே தூக்கவே கூடாது.

எலாஸ்டிக் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதன் நுனியில் ஒரு ஸ்விவல் (இரு முனையும் தனித்தனியே சுழலும் சின்ன இணைப்பு) போடுவேன். நாகப்பட்டினத்தில் தூண்டில் சாமான் கடையில் கிடைக்கும். “என்ன மீனுக்குண்ணே?” என்றார் கடைக்காரர். “எலிக்குத் தம்பி” என்றேன். இருந்ததிலேயே சின்னதை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்விவல் நூலைத்தான் சுழலவிடும், மின்கம்பியை அல்ல. கம்பிக்கு கமுட்டேட்டர் வேண்டும்; மின்தொடர்பு அறாமலே கேபிளைச் சுழலவிடும் இணைப்பு அது. அதில் மோட்டார் இல்லாமல் சும்மா சுழலும் வளைய வகையான ஸ்லிப் ரிங்கில் ஒரு சிக்கல் உண்டு: கேபிள் மெத்தென்று இருந்தால் எலிக்குச் சுகம், ஆனால் திருப்புவிசை மேலே போய்ச் சேராது. நனைந்த கயிற்றின் நுனியைத் திருகி மறுநுனியிலுள்ள போல்ட்டைக் கழற்றப் பார்ப்பது மாதிரிதான். வளையம் நகராது, கேபிள்தான் சுருண்டு குட்டையாகும். காசு இருந்தால் மோட்டார் வைத்த கமுட்டேட்டர் வாங்குங்கள். எலி திரும்புவதை அறிந்து அதுவே சுற்றிக்கொடுக்கும். இல்லையென்றால் கேபிளின் நடுவில் சிவப்பு டேப்பில் ஒரு சின்னக் கொடி ஒட்டி, வீடியோவில் சுற்றுகளை எண்ணி, இடைவேளையில் முறுக்கைக் கையால் பிரித்துவிடுங்கள். சில எலிகள் ஒரே பக்கமாகவே சுற்றும். அவற்றுக்கு இடைவேளையைச் சுருக்க வேண்டும்.

இழுவிசையைக் கம்பி தாங்கக் கூடாது. ஹெட்ஸ்டேஜ் உறையிலிருந்து மேலே வரை ஒரு நைலான் நரம்பு கட்டி, கம்பிகளை அதைவிடச் சற்று நீளமாக விட்டு, தளர்வாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். கம்பி அறுவது எப்போதும் கனெக்டர் வாயில்தான், விறைப்பு முடிந்து இளக்கம் தொடங்கும் அந்த இடத்தில். அங்கே எபாக்சியை மட்டும் பூசி நிறுத்தினால், எபாக்சி முடிகிற விளிம்பில் அறும். அதற்கு மேல் அரை விரல் நீளத்துக்கு சிலிக்கோன் பூசுங்கள்.

சிக்னலில் இரைச்சல் வந்தால் உடனே ஆம்ப்ளிஃபையரைத் திட்ட வேண்டாம். எலி தூங்கும்போது கேபிளைப் பென்சிலால் தட்டுங்கள். தட்டும்போது மட்டும் துள்ளினால் கோளாறு கேபிளிலோ கனெக்டரிலோ. கேபிள் அசையாமலே 50 ஹெர்ட்ஸ் (மின் லைனிலிருந்து வரும் இரைச்சல்) ஓடினால் எர்த்தையும் ஷீல்டையும் பாருங்கள். மும்முனை மின்சாரம் வந்து சுற்றுவட்ட வயல்களில் மோட்டார் ஓடும் நேரத்தையும் நோட்டில் குறித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எலி எதையாவது மெல்லும்போது தாடைத் தசையின் சிக்னலும் இரைச்சல் போலவே வரும். வீடியோ பார்க்காமல் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவுக்கே உரிய தொல்லை ஒன்று. சால்டர் செய்த இடத்தில் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் பூசும் பசை) மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கிடையே கசிவு உண்டாக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தூரிகை தோய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கேபிளை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த எடைக்குள் எல்லாம் அடங்க வேண்டும். முதல் சில நாள் பதிவு செய்யாமல் கேபிளை மாட்டி மட்டும் விடுங்கள். முகம் கழுவுகிறதா, எழுந்து நிற்கிறதா, மூலைக்குப் போகிறதா என்று கேபிள் இல்லாத நாளின் வீடியோவோடு ஒப்பிடுங்கள். தலையைச் சாய்த்தே நடந்தால் எலாஸ்டிக்கைத் திரும்பக் கட்டுங்கள். எல்லாம் சரியென்றால் அதே நீளத்தில் இன்னொரு கேபிள் செய்து, எந்த முனை எந்தச் சேனல் என்று அட்டையில் எழுதி அதிலேயே கட்டி வையுங்கள்.