மிச்ச சொச்சத்தில் ஸ்கிராப்புக்: படங்களைக் கெடுக்கும் தவறுகள்

எங்கள் வீட்டில் இரண்டு பழைய ஆல்பங்கள் இருக்கின்றன. ஒன்று ஆச்சியுடையது. கறுப்புத் தாள்களில் படங்களை ஒட்டாமல், மூலைக்கு ஒன்றாக நான்கு முக்கோணக் காகிதங்களை ஒட்டி அவற்றுக்குள் செருகியிருக்கிறார்கள். பக்கங்களுக்கு நடுவே சிலந்தி வலைக் கோடு போட்ட மெல்லிய தாள். இன்னொன்று எண்பதுகளில் அத்தை கல்யாணத்துக்காக வாங்கியது. பக்கத்திலேயே பசை தடவியிருக்கும். மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்து, படத்தை வைத்து, திரும்ப மூடினால் வேலை முடிந்தது. வாங்கிய காலத்தில் இதைத்தான் எல்லோரும் ஆசையாகப் பார்த்தார்கள். இன்று ஆச்சியின் படங்களை மூலையிலிருந்து உருவி எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், மறுபடி செருகலாம். அத்தைக்குத் தாலி கட்டும் படத்தை எடுக்கப் போனேன். அத்தையின் முகத்தில் பாதி பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிட்டது.

அன்றிலிருந்து, படங்களையும் நினைவுத் துண்டுகளையும் அலங்கரித்துச் சேர்த்து வைக்கும் ஸ்கிராப்புக் செய்ய உட்காரும்போதெல்லாம் அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். பழைய கல்யாணப் பத்திரிகை, தைத்து மீந்த துணி, பிள்ளைகளின் ப்ராஜெக்டில் மிஞ்சிய சார்ட், காலண்டர் படம், பரிசுப் பொருள் சுற்றி வந்த தாள் என்று வீட்டில் கிடப்பதை வைத்தே மிக அழகான ஸ்கிராப்புக் செய்துவிட முடியும். அலங்காரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள். படத்தைத் தொடும் தாளிலும் பசையிலும் மட்டும் பிடிக்காதீர்கள். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி அலங்காரப் பொருளையும் படத்தைத் தொடும் பொருளையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

முதல் தவறு வேலை தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. மிச்சப் பொருளை வைத்துச் செய்யலாம் என்று முடிவு எடுத்துவிட்டு, "ரெண்டு ஸ்டிக்கர் மட்டும்" வாங்கக் கடைக்குப் போகிறோம். சென்னை பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளையும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களை நான் அறியேன். அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இருப்பதையெல்லாம் தரையில் பரப்பிவிடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது, தள்ளி வைக்க வேண்டியது, உயிர் போனது என்று பிரியுங்கள். காய்ந்துபோன ஸ்டிக்கர், விளிம்பில் பிசுபிசுக்கும் பழைய டபுள் சைடு டேப், கட்டி தட்டிய கோந்து இவையெல்லாம் உயிர் போனவை. தூக்கி எறிய மனம் வராமல் இவற்றை ஒட்டிவைத்தால் ஆறே மாதத்தில் பக்கத்திலிருந்து பொலபொலவென்று உதிரும்.

எது படத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று எப்படித் தெரியும்? ஒரு எளிய சோதனை இருக்கிறது. அந்தத் தாளில் ஒரு பட்டை வெட்டி, பாதியை ஒரு கனமான புத்தகத்தால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு வாரம் வையுங்கள். வெயில் பட்ட பாதி மஞ்சளாகவோ வெளுத்தோ போயிருந்தால் அது படத்தைத் தொடக் கூடாத தாள். அப்புறம் ஈரப் பஞ்சால் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். கலர் சார்ட்டில் பலவும், கடையில் ஸ்கிராப்புக் என்றே விற்கும் வண்ணப் பக்க நோட்டுகளில் பலவும் இந்த இரண்டாவது சோதனையில் சாயம் விடும். அவற்றை ஓரப்பட்டையாக, பூவாக, எழுத்தாக வெட்டிப் பயன்படுத்தலாம். படத்துக்கு அடியில் மட்டும் ஒரு நல்ல வெள்ளைத் தாள் இருக்கட்டும்.

செய்தித்தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொதுத்தேர்வு முடிவுகள் பதிவு எண்ணோடு பேப்பரில் வந்த காலத்தில் அந்தப் பக்கத்தை வெட்டி வைக்காத வீடு குறைவு. அப்பாவின் எண்ணுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்ட துண்டு எங்களிடமும் இருக்கிறது. செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்யப்படுவது. மரத்தின் நார்களைப் பிணைத்துப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அந்தக் கூழில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் தாளுக்கும் பரவும். பழைய புத்தகத்துக்குள் செய்தித்தாள் துண்டை மறந்து வைத்திருந்தால், எடுத்த பிறகும் அதே அளவில் பழுப்புக் கட்டம் தெரியுமே, அது இதனால்தான். எனவே ஸ்கிராப்புக்கில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். மூலத் துண்டைத் தனி உறையில், வேறு எதனோடும் சேராமல் வையுங்கள்.

ரசீதும் டிக்கெட்டும் இதைவிட மோசமாக ஏமாற்றும். கண்டக்டர் கைமெஷினில் அடித்துத் தரும் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, சினிமா டிக்கெட் பலவும் சூடு பட்டால் கறுக்கும் பூச்சுள்ள தாளில் வருகின்றன. அவற்றில் மையே கிடையாது. வெளிச்சத்தில் வெளுக்கும், சில பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் வெளுக்கும், பசை பட்டால் கறை தட்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் இயந்திரத்தின் சூட்டில் முழுதும் கறுப்பாகித் திரும்பி வரும். தோழி ஒருத்தி தன் மகளின் முதல் ரயில் பயணச் சீட்டை இப்படி இழந்தாள். கையில் கிடைத்த அன்றே போனில் படம் பிடித்து அச்செடுத்துவிடுங்கள். பழைய கெட்டி அட்டை ரயில் டிக்கெட்டும், வண்ணத் தாளில் அச்சடித்த பழைய பேருந்து டிக்கெட்டும் மையால் அச்சானவை. அவற்றை அப்படியே வைக்கலாம், நிற்கும்.

பசைக்கு வருவோம். படத்தை ஒட்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆச்சியின் ஆல்பம் போல மூலை வைத்துச் செருகுங்கள். பழைய வெள்ளை உறைகளின் மூலையை முக்கோணமாக வெட்டினாலே அச்சு அசலான மூலை கிடைத்துவிடும். கிழிந்த உறை ஒன்றிலிருந்து குறைந்தது இரண்டு தேறும். காசு செலவே இல்லாத இந்த வழிதான் படத்துக்கும் ஆகப் பாதுகாப்பானது.

அலங்காரப் பொருளை ஒட்ட ஃபெவிகால் போதும். டப்பாவிலிருந்து நேராகப் பிதுக்கி ஊற்றுவதுதான் தவறு. அதில் தண்ணீர் இருப்பதால் தாள் ஊறி, காயும்போது சுருங்கி, பக்கமே அலை அலையாக நெளியும். உபயோகித்த ஏடிஎம் கார்டு ஒன்றால் மெல்லிசாக வழித்துத் தடவி, மேலே வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஒரு ராத்திரி ஏற்றி வையுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் டேப் மட்டும் உதிர்ந்துவிடும், பழுப்புப் பசை தாளோடு ஊறி நிற்கும். அந்தக் கறையை வீட்டில் எடுக்க வழியில்லை.

செலவு மிச்சம் என்று மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் உண்டு. ஒட்டுவதில் அது குறை வைக்காது. ஆனால் மாவுச்சத்து வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. பூச்சி வராமலிருக்கப் பைண்டிங் செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அதைக் கலக்கவே கூடாது. அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளையும் அரிக்கும்.

பக்கத்தோடு பசை என்ற யோசனை எண்பதுகளில் வந்ததல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இலேயே, ஈரம் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்படி பசைக் கோடுகள் பூசிய ஸ்கிராப்புக் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். துண்டுச் செய்திகளுக்கு அது வசதிதான். புகைப்படத்துக்குத்தான் இந்த வசதி வினையாகிறது. அத்தை ஆல்பம் போன்ற ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தால், அவசரப்பட்டு உரிக்காதீர்கள். முதலில் இருக்கும் நிலையிலேயே ஒவ்வொரு படத்தையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தாள் சுலபமாக எழுந்தால், பல்லிடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம் போல மெல்ல இழுத்து எடுக்கலாம். பிளாஸ்டிக்கே முகத்தோடு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். நான் செய்த தவறு இழுத்ததுதான்.

கல்யாணப் பத்திரிகை மிச்சப் பொருள்களில் ராஜா. கெட்டி அட்டை, தங்கப் பொன்னெழுத்து, மேலே எழும்பிய பிள்ளையார், உள்ளே பட்டுப் போன்ற தாள் என்று ஒரு பத்திரிகையிலேயே நான்கு பக்கத்துக்கு வேண்டியது இருக்கும். கவனிக்க வேண்டியது மூலையில் தடவிய மஞ்சள். எதிர்ப்பக்கத்துப் படத்தில் அது கறையாக இறங்கும். மஞ்சள் தடவிய மூலையை வெட்டிவிடலாம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்பதால் வெட்ட மனம் வரவில்லை என்றால், எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். சாமி படத்தைக் குப்பையில் போடவும் மனம் வராது. எனக்கும் வராது. அவற்றைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு ஸ்கிராப்புக்கின் முதல் பக்கத்திலும் ஒரு பிள்ளையாரை வைக்கிறேன்.

துணியில் சாயம் விடுவதுதான் பெரிய தொல்லை. ஜாக்கெட் பிட்டோ சேலைத் துண்டோ எதுவானாலும், நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். அம்மாவின் கூரைப்புடவை நைந்து கிழிந்திருந்தால் ஒரு சாண் துண்டு எடுத்து வைக்க யாருக்கும் ஆசை வரும். வைக்கலாம். ஆனால் பழைய நல்ல ஜரிகையில் வெள்ளி இருக்கும், நாளாக ஆக அது கறுக்கும். பசை தடவாதீர்கள். ஓரத்தை மடித்து, தனி அட்டையில் நூலால் நான்கு தையல் போட்டு, படமில்லாத பக்கத்தில் வையுங்கள். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, சேஃப்டி பின் மூன்றும் கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். தலையில் வைத்த மல்லிகையை அன்றே ஒட்டுகிறவர்களும் உண்டு. பூ அழுகி, பக்கமும் பூஞ்சை பிடிக்கும். தாள்களுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் அழுத்தி, தொட்டால் மொறுமொறுவென்று ஆன பிறகுதான் பூ பக்கத்துக்கு வரலாம்.

பத்திரிகை, துணி, பாசிமணி என்று ஏற்றிக்கொண்டே போனால் நோட்டு விசிறி போல விரிந்து முதுகு கிழியும். பழைய லாங் சைஸ் நோட்டில் செய்பவர்கள் தொடக்கத்திலேயே ஒன்று விட்டு ஒரு தாளை வெட்டிவிட வேண்டும். தையலோடு ஒட்டி வெட்டாமல், அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். அந்த அரை அங்குலப் பட்டைகள் முதுகில் இடம் ஏற்படுத்தித் தரும். வெட்டிய தாள்களும் வீணாகாது, பசை காயும்போது பக்கங்களுக்கு இடையே வைக்க உதவும்.

இனி, மன்னிக்கவே முடியாத தவறு. மூலப் படத்தை வெட்டுவது. இதய வடிவத்திலும் வட்டத்திலும் வெட்டினால் பக்கம் அழகாக இருக்கிறது, உண்மைதான். வெட்டி எறிந்த ஓரத்தில்தான் பழைய வீட்டுத் திண்ணை இருந்தது, மாமாவின் அம்பாசிடர் கார் இருந்தது, பெயர் மறந்துபோன பக்கத்து வீட்டுப் பாட்டி நின்றிருந்தார். நெகட்டிவ் தொலைந்த படத்துக்கு மறுபிரதி கிடையாது. ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்டை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவதும் வெட்டுவதற்குச் சமம். அழுத்தம் முன்பக்கம் வரிவரியாகத் தெரியும். பெயரையும் ஆண்டையும் படத்துக்குக் கீழே பக்கத்தில் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா ஒரு சொட்டுத் தண்ணீரில் கலைந்துவிடும். பென்சில் நிற்கும்.

செய்து முடித்ததைப் பரணில் போடாதீர்கள். கூரைச் சூடு மேலே, மழைக்கசிவு பக்கத்தில். ஈரச் சுவரை ஒட்டாத பீரோவில் நடுத்தட்டு நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை வேலையே வைத்துக்கொள்ள வேண்டாம், காயாது. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உள்ளே போடலாம். அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி பிள்ளைகளுக்கும் ஆகாது, சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வைப்பது ஏடுகளைக் காப்பாற்ற நம்மவர்கள் கையாண்ட வழி. நான் அதைத்தான் செய்கிறேன். புதிதாகப் பிளாஸ்டிக் உறை வாங்குவதானால் மோந்து பாருங்கள். புது ரெயின்கோட் போல நெடி அடித்தால் அது பிவிசி, படத்துக்கு ஆகாது.

அத்தையின் அந்தப் படத்துக்கு இன்னொரு பிரதி சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டு, உறை மூலைகளில் செருகி, ஓரத்தில் அத்தையின் பத்திரிகையிலிருந்து வெட்டிய பொன்னிறப் பட்டையை வைத்தேன். முகம் போன படத்தையும் எறியவில்லை. பின்பக்கத்தில் ஒரு உறை ஒட்டி அதற்குள் வைத்திருக்கிறேன். படத்தில் பின்வரிசையில் நிற்கும் ஒன்பது பேரில் ஏழு பேரின் பெயரை அத்தை சொல்லிவிட்டார். மீதி இரண்டு பேருக்கும் பென்சிலில் கோடு மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன். பெரியம்மா பொங்கலுக்கு வருகிறார், கேட்க வேண்டும்.