டொமைன் சேர்வர் படுத்தால் அவசரத்தில் செய்யக்கூடாதவை

கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் இருந்து காலை எட்டரைக்கு அழைப்பு. "அண்ணை, ஒருத்தராலையும் லொகின் பண்ணேலாமல் கிடக்கு. சேர்வர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகுது." முதல் நாள் இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது, யூபிஎஸ் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தம்பி இணையத்தில் பார்த்து, டேட்டாபேஸ் கோப்புகளைத் திருத்தும் எசென்ட்யுடில் கட்டளையை ஸ்லாஷ் பி (/p) போட்டு ஓடவிட்டிருந்தார்.

காரியம் கெட்டது அங்கேதான். அலுவலகத்தின் லொகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் சேவையான ஆக்டிவ் டைரக்டரியின் பயனர்கள், கடவுச்சொற்கள், குழுக்கள் எல்லாம் என்டிடிஎஸ் டிஐடி என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. எந்த மாற்றமும் முதலில் லொக் (log) கோப்பில் பதிவாகி, பிறகுதான் இதற்குள் போகும். இடையில் கரண்ட் போனாலும் மறுபடி தொடங்கும்போது லொக்கைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். ஸ்லாஷ் பி அப்படி அல்ல. படிக்க முடியாத பக்கங்களை எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டவைக்கும். கோப்பு திறக்கும், எந்தக் கணக்கு போனது என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்கில் இடம் இல்லை என்று லொக் கோப்புகளை அழிப்பதும் இதே ரகம்தான்.

முதல் வேலை, என்டிடிஎஸ் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பது. அப்புறம் ஆக்டிவ் டைரக்டரியை ஓடவிடாமல் சேர்வரைத் தொடங்கும் டிஎஸ்ஆர்எம் முறையில் ஏற்றி, என்டிடிஎஸ்யுடில் என்ற கருவி கொண்டு சோதிக்கலாம். பல நேரம் கோப்பில் பழுதே இருக்காது: டிஸ்க் நிரம்பியிருக்கும், டிரைவ் எழுத்து மாறியிருக்கும், அல்லது அன்டிவைரஸ் கோப்பைப் பிடித்து வைத்திருக்கும்.

இதே தரவை வைத்திருக்கும் இன்னொரு சேர்வர், அதாவது இன்னொரு டொமைன் கொன்ட்ரோலர், நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் பழுதானதைத் திருத்த மினக்கெட வேண்டாம். கழற்றி, அதன் பதிவுகளை நீக்கி, புதிதாக நிறுவினால் தரவு மற்றதிலிருந்து வந்துவிடும். அதன் பொறுப்புகளை மற்றதுக்குப் பறித்துக் கொடுத்திருந்தால், பழையதை மறுபடி வலையமைப்பில் சொருகவே கூடாது. சேர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால், அதன் பழைய ஸ்னப்ஷொட்டுக்கு (முன்பு பதிந்து வைத்த நிலைக்கு) திரும்புவதும் ஆபத்து. விண்டோஸ் சேர்வர் 2012 முதல் இதற்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரும் ஆதரிக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு சேர்வர். ஆக்டிவ் டைரக்டரியையும் சேர்த்து எடுக்கும் சிஸ்டம் ஸ்டேட் பக்கப் நான்கு மாதம் பழையது. இப்படியான பக்கப்பைப் பாவிக்கக்கூடிய இயல்பான எல்லை 180 நாள் என்பதால் தப்பினோம். அடுத்த தலையிடி டிஎஸ்ஆர்எம் கடவுச்சொல். அது டொமைன் அட்மினின் கடவுச்சொல் அல்ல, சேர்வரை டொமைன் கொன்ட்ரோலராக்கிய அன்று கொடுத்தது. சேர்வர் நன்றாக ஓடும்போது மாற்றலாம், படுத்த பிறகு வழமையான முறையில் முடியாது. நல்லகாலம், ஒரு சீஆர் கொப்பியின் கடைசி ஒற்றையில் யாரோ பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள்.

பக்கப் ஏறியது. ஆனால் கணினிகளும் 30 நாளுக்கு ஒருமுறை தங்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்பவை. பக்கப்பில் இருந்தவை பழைய கடவுச்சொற்கள், அதனால் சேர்வருக்கு அவற்றை அடையாளம் தெரியவில்லை. பதினொரு கணினிகளையும் ஒவ்வொன்றாக டொமைனில் திரும்பச் சேர்த்து முடிக்க இருட்டிவிட்டது.