வி.பி.எஸ்.ஸில் நிறைந்திருந்த பிள்ளைகள் எங்கே? சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் தென்மாவட்டங்களில் எந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் வளாகத்தைக் கடந்து போனாலும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் பாட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். கலர் தொப்பி, ஆக்‌ஷன் சாங், கடைசி நாள் பவனி என்று தெருவே நின்று பார்க்கும். அதே பிள்ளைகளைக் கல்லூரி முடிக்கிற வயதில் அதே கோயிலில் தேடிப் பாருங்கள். கொயரில் நாலு பேர், கீபோர்டில் ஒருவர், சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வருவார்கள்.

செல்போன் கெடுத்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பாடசாலையில் பல வருஷம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வகுப்பு, போட்டி, முகாம் என்று நிகழ்ச்சிகளிலேயே பிள்ளைகளை வளர்க்கிறோம். பெரியவர்கள் கூடும் சபைக்குள் அவர்களை முழுசாகச் சேர்த்துக்கொள்வதில்லை. கலந்துகொள்ள நிகழ்ச்சி இல்லாத வயது வந்ததும் அவர்களுக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறந்தவைதான்.

பாடசாலைக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பது

1780இல் இங்கிலாந்தின் கிளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியை ஆரம்பித்தபோது, அது வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக இருந்தது. அவர்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை, ஓய்வு கிடைத்த நாளும் அது ஒன்றுதான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாட்டை, சொல்லிக்கொடுக்க முடிந்த பெற்றோரே இன்று தங்கள் பொறுப்பை இறக்கிவைக்கும் இடமாக ஆக்கிக்கொண்டோம். வாரத்தில் ஒரு மணி நேரம் என்னிடம் இருக்கும் பிள்ளை, மீதி நேரமெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது.

வேதத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரம் வகுப்பறையைப் பற்றிப் பேசவே இல்லை. “நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக்குறித்துப் பேசி” என்றுதான் சொல்கிறது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து டியூஷனுக்குப் போகிற பிள்ளையோடு பேசுவதும் வழியில் நடக்கிறபோது பேசுவதுதான்.

குடும்ப ஜெபத்திலும் ஒரு தவறு உண்டு. பல வீடுகளில் அது இரண்டாவது ஏச்சாக ஆகிவிட்டது. “ஆண்டவரே, இவன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனைத் தொடாதபடி செய்யும். இவளுக்குக் கீழ்ப்படியிற புத்தியைக் கொடும்.” பகலில் முகத்துக்கு நேரே சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சொல்கிறோம். பதில் பேச முடியாத இடத்தில் வைத்துத் திட்டு வாங்கும் பிள்ளைக்கு ஜெபத்தின்மேல் பிரியம் வராது. “பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்” என்று எபேசியர் 6:4 பிதாக்களுக்குச் சொல்வது இந்த வேளைக்கும் பொருந்தும். பிள்ளைக்காக ஜெபியுங்கள், அது கேட்டுக்கொண்டிருக்கும்போது நன்றி சொல்லி ஜெபியுங்கள். உங்கள் சொந்தப் பயத்தையும் கடனையும் ஆபீஸ் பிரச்சினையையும் ஆண்டவரிடம் சொல்வதை அது கேட்கட்டும். அப்பாவுக்கும் தேவன் தேவைப்படுகிறார் என்று ஒரு பையனுக்கு வேறு எங்கே தெரியவரும்?

பரிசும் பயமும்

மனப்பாட வசனப் போட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சிறு வயதில் மனதில் பதிந்த வசனம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பரிசு நாளோடு அந்த வசனத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நாம் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் குழுவினர் 1871இல் முடித்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் இன்றைய பிள்ளைக்கு அதில் பாதி வார்த்தை புரியாது, எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். அது தடுமாறும்போது வகுப்பில் யாராவது சிரித்தால், அடுத்த வாரம் வயிற்றுவலி வந்துவிடும். வசனம் எவ்வளவு தெரியும் என்பதைவிட, ஒரே ஒரு வசனத்தைத் தன் வார்த்தையில் சொல்லத் தெரியுமா என்று பாருங்கள். அதற்குப் பரிசு வேண்டியதில்லை.

பயம் இதைவிட மோசம். “பொய் சொன்னா இயேசப்பா அடிப்பாரு”, “கோயிலுக்கு வரல, அதான் மார்க் குறைஞ்சிருக்கு” என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். முகாமின் கடைசி ராத்திரியில் விளக்கை அணைத்து, நரகத்தை விவரித்து, அழவைத்து, கையைத் தூக்கச் சொல்கிறோம். தூக்கிய கைகளை எண்ணி அறிக்கையும் வாசிக்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு வருஷமும் அதே முகாமில் திரும்பத் திரும்பக் கையைத் தூக்குகிறது என்றால், போன வருஷம் ஆண்டவர் தன்னை ஏற்றுக்கொண்டாரா என்ற சந்தேகத்தோடு அது ஒரு வருஷம் வாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். சிறு பிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடுங்கள் என்று சொன்னவர் அவர்களை அணைத்துக்கொண்டார், அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் அவர் விசனமடைந்தது அவர்களைத் தடுத்த சீஷர்கள்மேல்.

கேள்வியை அடைத்துவிடுவது

இதுதான் நான் பார்த்ததிலேயே அதிகச் சேதம் பண்ணுகிற தவறு.

2021இல் கொரோனா இரண்டாம் அலையில் அப்பாவை இழந்த ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். எட்டாவது படித்தான். திரும்பி வந்த பிறகு ஒருநாள் கேட்டான்: “சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சோமே டீச்சர், ஏன் கேக்கல?” பக்கத்து வகுப்பு எடுத்தவர் எட்டிப் பார்த்து, “ஆண்டவரை அப்படியெல்லாம் கேள்வி கேக்கக் கூடாதுப்பா” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆராதனை முடிந்ததும், கணவரை இழந்த ஓர் அம்மா, ரிட்டயர்டு டீச்சர், அவனைத் தேடிப் போய் வேப்பமரத்தடி திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் தெரியலய்யா. எங்க வீட்டுல அவுக போனப்ப நானும் கொஞ்ச நாளு கோயிலுக்கு வரல. பாட்டுப் புஸ்தகத்தைத் தொறக்கவே பிடிக்கல” என்றார். பிறகு பதின்மூன்றாம் சங்கீதத்தை அவனையே வாசிக்கச் சொன்னார். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” வேதத்துக்குள்ளேயே இப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்பது அவனுக்கு அன்றுவரை தெரியாது.

அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தன் விசுவாசம் எங்கே தடுமாறியது என்று ஒரு பெரியவர் அவனை நம்பிச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வாராவாரம் அவரைத் தேடி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஏற்படுத்தும்போதே, பிள்ளைகள் “இந்த ஆராதனையின் கருத்து என்ன” என்று கேட்பார்கள் என்று யாத்திராகமம் 12:26 எதிர்பார்க்கிறது. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து கேட்டார், அவர்களை வினாவினார் என்று லூக்கா எழுதுகிறார். பிள்ளைகள் வினாவ நம் சபையில் எந்த இடம் இருக்கிறது? தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு பாடமே உண்டு. திங்கள்கிழமை அதைப் படிக்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஆதியாகமத்தில் தேவன் உலகைப் படைத்த வரலாற்றைக் கேட்கிறது. கேட்டால் திட்டுவார்கள் என்று தெரிந்தால் அது கேட்காது. யூடியூபில் தேடும், அங்கே பதில் சொல்ல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். ஆயரோ (சபைப் போதகர்), சபையில் இருக்கும் அறிவியல் ஆசிரியரோ மாதம் ஒருமுறை உட்கார்ந்து, எழுதிப்போட்ட கேள்விகளைப் படித்து மனம்விட்டுப் பேசினால் போதும். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு டப்பா வையுங்கள். “தெரியாது, சேர்ந்து படிப்போம்” என்ற பதிலால் யாருடைய விசுவாசமும் கெட்டதில்லை.

வேலை கொடுக்காமல் வைத்திருப்பது

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சபையே சேர்ந்து சமைத்துப் பந்தியில் சாப்பிடும் அசனப் பண்டிகை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதல்நாள் ராத்திரியே வெங்காயம் உரிக்க உட்காருகிறார்கள். மறுநாள் பந்தியில் பத்தாவது படிக்கிற பையன் சோற்றுப்பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வரிசையில் வருகிறான். “தம்பி, கொழம்புக்கு எடம் விட்டுப் போடுடே” என்று ஒரு தாத்தா சொல்லிக்கொடுக்கிறார். “நீ யாரு மவன்?” என்று கேட்கிறார். அவன் சொல்கிறான். “உங்க தாத்தாவும் நானும் சேந்துதான் இந்தக் கோயிலுக்கு மண்ணு சுமந்தோம்.” அந்த அரை நிமிஷத்தில் அவனுக்குக் கிடைத்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மற்ற ஞாயிறுகளில் அவனை என்ன செய்கிறோம்? நாற்காலி போடச் சொல்கிறோம். வருஷத்தில் ஒருநாள் வாலிபர் ஞாயிறு கொண்டாடி, ஆராதனை முழுவதையும் அவர்கள் தலையில் வைத்துவிட்டு, மறுவாரம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். மாதாமாதம் வேதபாடம் வாசிக்க, காணிக்கை எடுக்க, படுத்திருக்கும் முதியவர் வீட்டுக்கு ஆயரோடு போய்ப் பாட்டுப் பாட, ஊழியக் கணக்கை எழுத அவர்களைக் கூட்டிக்கொள்ளலாம். தப்பு வரும். வாசிக்கும்போது பெயர்கள் தடுக்கும், கணக்கில் அடித்துத் திருத்தல் இருக்கும். பரவாயில்லை.

ஞானஸ்நானத்தில் நிற்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் உறவையும் வீணாக்கிவிட்டோம். பெரும்பாலும் மோதிரம் போட்டு, போட்டோ எடுத்ததோடு சரி. பெற்றோரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வளரிளம் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். அதற்கென்றே சபை ஓர் ஆளை ஏற்கெனவே நியமித்திருக்கிறது.

திடப்படுத்தலும் பப்ளிக் எக்ஸாமும்

பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் ஒப்பித்து, வெள்ளைத் துணி உடுத்தி, பிள்ளைகள் வந்து நிற்க, பேராயர் தலைமேல் கை வைத்து அவர்களை முழு அங்கத்தினராகத் திடப்படுத்துகிறார். அன்று முதல் திருவிருந்தில் பங்கு உண்டு. ஆனால் நிறைய வீடுகளில் அதுவே பட்டமளிப்பு விழா ஆகிவிடுகிறது. அதன்பிறகு வகுப்பு இல்லை, கவனிக்க ஆளும் இல்லை. சரியாக அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷனும் நீட் கோச்சிங்கும் தொடங்குகின்றன. “பன்னிரண்டாவது முடியட்டும், கோயிலுக்கு அப்புறம் போயிக்கலாம்” என்று பெற்றோரே சொல்கிறார்கள். மார்ச் வந்ததும் ஹால் டிக்கெட்டோடு சிறப்பு ஜெபத்துக்குக் கூட்டிவருகிறார்கள். மார்க்குக்காக ஆண்டவரைத் தள்ளிவைக்கலாம், மார்க் வேண்டுமென்றால் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அந்த இரண்டு வருஷத்தில் பிள்ளை தெளிவாகக் கற்றுக்கொள்கிறது. படிப்பு முக்கியம்தான். காலை முதல் ஆராதனைக்கு வந்துவிட்டு டியூஷனுக்குப் போக வழி தேடுங்கள். சபையும் அந்தப் பிள்ளைகளுக்காக நேரத்தை மாற்றி யோசிக்கலாம்.

பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம்

சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலுக்காகக் கோயில் வாசலில் கத்தும்போது, கமிட்டியில் இடம் பிடிக்க ஜாதி பார்த்து ஓட்டுக் கேட்கும்போது, பிள்ளைகள் மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் அன்பைப் பற்றி வகுப்பில் நான் என்ன சொன்னாலும் ஏறாது.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். கோயில்தானே, நம்ம ஆள்தானே என்று யாரிடமும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். முகாமிலும் பாட்டுப் பயிற்சியிலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். சபைக்குக் கெட்ட பேர் வரும் என்று கமிட்டிக்குள் பேசி முடிப்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098 ஓய்வுநாள் பாடசாலைச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஊரை விட்டுப் போகும்போது கைவிடுவது

ஜூலை, ஆகஸ்டில் பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஹாஸ்டலுக்குப் போகிறார்கள். ஆராதனையில் ஒரு ஜெபம் பண்ணி அனுப்புகிறோம், அதோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. போகிற ஊரில் எந்தச் சபை பக்கம், எந்த பஸ், அங்கே நமக்குத் தெரிந்த குடும்பம் எது என்று போகுமுன்பே விசாரித்து, இரண்டு பக்கத்துக்கும் நம்பர் கொடுத்துவிடுங்கள். அந்தக் குடும்பம் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆயரோ பாடசாலை ஆசிரியரோ முதல் செமஸ்டரில் சில தடவையாவது போன் பண்ணட்டும். பேச்சைத் தொடங்கும்போதே “கோயிலுக்குப் போறியா?” என்று கேட்க வேண்டாம். மெஸ் சாப்பாட்டைக் கேளுங்கள், ரூம்மேட்டைக் கேளுங்கள், தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.

டிசம்பரில் லீவுக்கு வரும்போது “பெரிய ஆளாயிட்ட, கோயில் பக்கமே காணோம்” என்று வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். முடியை வளர்த்திருந்தாலும் சொல்லாதீர்கள். ஊருக்கு வரும் தேதியை முன்கூட்டியே கேட்டுவைத்து, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் ஒரு வேதபாட வாசிப்பை அவர்கள் பெயரில் போட்டுவையுங்கள்.