வியட்நாமில் ஒரு வாரம்: முதல்முறை போகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

வியட்நாம் போகலாம் என்று முடிவு செய்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, யூடியூபில் பார்த்த ஊர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுவது. ஹனோய், சாபா, ஹா லாங், ஹூவே, டா நாங், ஹோய் ஆன், சைகோன், ஃபூ குவோக்... பட்டியல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கையில் இருப்பது ஏழெட்டு நாள் என்றால் அதில் பாதியை அடிப்பதுதான் திட்டமிடலின் முதல் வேலை.

படி 1: இரவுகளை எண்ணுங்கள்

நாட்டின் வடிவத்தைக் கொஞ்சம் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் மிக அதிகம். ஹனோயிலிருந்து சைகோனுக்கு (ஹோ சி மின் நகரம்தான், ஊரில் பலரும் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள்) ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், போய்ச் சேர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் போனாலும் ரூமைக் காலி செய்து, விமான நிலையம் போய், இறங்கி, அடுத்த ரூமுக்குள் நுழைவதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் எத்தனை ஊர் என்று பார்க்காமல் எத்தனை இரவு என்று எண்ணுங்கள். ஒரு ஊருக்குக் குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. ஏழு இரவு இருந்தால் மூன்று ஊருக்கு மேல் வேண்டாம். சாபா மலையும் ஃபூ குவோக் தீவும் அருமையான இடங்கள்தான், ஆனால் முதல் பயணத்தில் அவற்றை விட்டுவிடச் சொல்வேன்.

படி 2: மாதம்

"வியட்நாமுக்கு எது நல்ல சீசன்?" என்பதற்கு ஒரே பதில் கிடையாது, வடக்கு, நடு, தெற்கு மூன்றுக்கும் வானிலை வேறு வேறு. தெற்கில் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை மழை. நடுப்பகுதியில் செப்டம்பரில் தொடங்கி ஆண்டு இறுதி வரை மழை. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் புகுவதும் உண்டு. வடக்கில் டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். மூன்று பகுதிக்கும் ஓரளவு ஒத்துவருவது மார்ச், ஏப்ரல். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் பண்டிகையை, அதாவது அவர்களுடைய புத்தாண்டை, தவிர்த்துவிடுங்கள். பல கடைகள் மூடியிருக்கும், டிக்கெட் கிடைப்பதும் கஷ்டம்.

படி 3: ஒரு ஊரில் இறங்கி, வேறு ஊரிலிருந்து திரும்புங்கள்

போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறினால் ஒரு நாள் வீண். ஹனோயில் இறங்கி சைகோனிலிருந்து கிளம்புவது மாதிரி டிக்கெட் தேடுங்கள். திருச்சியிலிருந்து சைகோனுக்கு வியட்ஜெட் 2023 நவம்பரில் நேரடி சேவை தொடங்கியது. உங்கள் தேதிக்கு அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், பெட்டிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே விலையை ஒப்பிடுங்கள்.

படி 4: இ-விசா

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், ஆனால் வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிடலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் விஎன்' என்று முடியும். கூகுளில் தேடினால் அதே மாதிரி தோற்றத்தில், இரண்டு மூன்று மடங்கு பணம் கேட்கும் தனியார் தளங்களும் வரும், கவனம். மூன்று வேலை நாளில் வரும் என்று சொன்னாலும் இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

விசா வந்ததும் திறந்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயர் ஒரு கட்டத்தில், நம் பெயர் இன்னொரு கட்டத்தில், சிலருக்கு ஒரே பெயர்தான் என்று இருப்பதால் குழப்பம் வருவதே அங்கேதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.

படி 5: ஏழு இரவு, என் திட்டம்

*ஹனோய், மூன்று இரவு.* பழைய நகரப் பகுதியில், ஹோவான் கியெம் ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் ரூம் போடுங்கள். ஒரு நாள் முழுக்க நடை: 1070இல் கட்டிய இலக்கியக் கோயில், முட்டைக் காபி, தெருவோரம் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல். ஹோ சி மின் சமாதி காலையில் மட்டும்தான், திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். இன்னொரு நாள் ஹா லாங் விரிகுடாவா, நிஞ் பின்னா? ஒரே நாளில் போய்வருவதானால் நிஞ் பின்தான் என் தேர்வு. சுமார் 100 கிலோமீட்டர். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, தலையைக் குனிந்து குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற சாங் ஆன் படகுப் பயணம் இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். பக்கத்தில் தாம் கோக்கில் படகோட்டிகள் பின்னால் சாய்ந்துகொண்டு காலாலேயே துடுப்பு போடுவார்கள். ஹா லாங் போனால் ஓர் இரவு கப்பலில் தங்குங்கள், அவசரமாகப் போய்வந்தால் மனசு நிறையாது.

*ஹோய் ஆன், மூன்று இரவு.* ஹனோயிலிருந்து டா நாங்குக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து 30 கிலோமீட்டர் கார். பழைய ஊர் பகலில் கூட்டமும் வெயிலும்தான், மாலையில் லாந்தர் விளக்கு ஏற்றியதும் வேறு ஊராகிவிடும்.

இங்கே ஒரு காலைப் பொழுதை மி சோனுக்கு ஒதுக்குங்கள், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முன்பு வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள். 4ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் தன் பெயரைச் சேர்த்துப் பத்ரேசுவரர் என்று இறைவனுக்குப் பெயரிட்டான். பிறகு நூற்றாண்டுக்கணக்கில் செங்கல் கோயில்கள் எழுந்தன, செங்கல்லுக்கு நடுவே சாந்து இருக்கும் சுவடே தெரியாத அளவுக்கு ஒட்டியிருக்கும். 1969இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் பெரும்பகுதி நொறுங்கியது. குண்டு விழுந்த பள்ளங்கள் கோயில்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் இருக்கின்றன. மீதியைச் சீரமைத்தவர்களில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் உண்டு, 2020இல் அவர்கள் வேலை செய்தபோது 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிவந்தது. ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரம். காலை ஆறு, ஆறரைக்கே கிளம்பிவிட்டால் வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம்.

*சைகோன், ஓர் இரவு.* விமானம் ஏறும் ஊர் என்பதால் இங்கே மட்டும் இரண்டு இரவுக் கணக்கைத் தளர்த்தியிருக்கிறேன். போர் நினைவு அருங்காட்சியகம், நேரம் இருந்தால் சுதந்திர மாளிகை. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, உள்ளூர் வியட்நாம்காரர்களும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

படி 6: பணம்

அவர்களுடைய பணம் டோங். ஒரு லட்சம் டோங் என்றால் ஏறக்குறைய 330, 340 ரூபாய், இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும். 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம், இரவு வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். 5 லட்சத்தைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள், கொடுக்கும்போது சைபரை எண்ணிக் கொடுங்கள்.

படி 7: சாப்பாடும் சாலையும்

சைவக்காரர்கள் "ஆன் சாய்" என்று சொல்லுங்கள். கடைப் பலகையில் சி, ஹெச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்தைத் தேடுங்கள், அது சைவக் கடை. சாதாரணக் கடையில் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றியிருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியையொட்டி அங்கேயும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் தேடுவது சுலபம்.

போக்குவரத்துக்கு கிராப் ஆப் (நம்மூர் ஓலா, ஊபர் மாதிரி), ஊரிலிருந்தே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகிறவர்கள் பைக் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஹனோயில் சாலையைக் கடக்கும்போது வண்டி நிற்கும் என்று காத்திருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஒரே வேகத்தில், நிதானமாக நடங்கள், பைக்குகள் உங்களைச் சுற்றிப் போய்விடும். நடுவில் நிற்பதும் திடீரென்று ஓடுவதும்தான் ஆபத்து. பஸ், கார் வந்தால் மட்டும் அது போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

புக்கிங்கைப் பொறுத்தவரை வரிசை இதுதான்: தேதி, வெளிநாட்டு விமானம், விசா, அப்புறம் உள்நாட்டு விமானம், கடைசியில் ரூம். ரூமை மட்டும் ரத்து செய்யக்கூடிய வகையில் போடுங்கள், ஹோய் ஆனில் இன்னும் ஒரு நாள் இருக்கலாமே என்று தோன்ற நிறைய வாய்ப்பு இருக்கிறது.