கர்ப்பகால நெஞ்செரிச்சல்: மெடிக்கலில் ‘கேஸ் மாத்திரை’ கேட்பதற்கு முன்

குடியாத்தத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். போன வாரம் சாயங்காலம் ஒரு அம்மா வந்தார். “நெஞ்சு கரிக்குதாம், கேஸ் மாத்திரை நாலு குடும்மா” என்றார். யாருக்கு என்று கேட்டேன். மருமகளுக்கு. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா? “சத்து மாத்திரைதான், ஏழு மாசம் ஆச்சே.” கேட்டிருக்காவிட்டால் அந்த ஏழு மாசம் எனக்குத் தெரிந்தே இருக்காது.

‘கேஸ் மாத்திரை’ என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை. அமிலத்தைச் சமன்செய்வது, அமிலம் சுரப்பதையே குறைப்பது, வாந்தியை நிறுத்துவது, இவற்றில் இரண்டைக் கலந்தது எல்லாவற்றுக்கும் நம் பக்கம் இந்த ஒரே பெயர்தான். சிலது கர்ப்பிணிக்கு ஆகும், சிலது ஆகவே ஆகாது. அதனால் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: நெஞ்செரிச்சல்தானா என்று பாருங்கள்

சாப்பிட்ட பிறகு நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை எரியும். புளித்த ஏப்பம் வரும். குனிந்தால், படுத்தால் எதுக்களிக்கும். கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன், இரைப்பையின் வாயில் இருக்கும் தசை வளையத்தைத் தளர்த்திவிடுகிறது. மாதம் ஏற ஏற கர்ப்பப்பையும் இரைப்பையை மேலே தள்ளும். (எரிச்சல் அதிகமானால் குழந்தைக்கு முடி நிறைய இருக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். 2006இல் அமெரிக்காவில் 64 கர்ப்பிணிகளிடம் செய்த சிறிய ஆய்வு ஒன்று அதற்கு ஒத்துத்தான் வந்தது.)

ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு மேல்வயிற்றில், அதுவும் வலது விலாவுக்குக் கீழே விடாமல் வலித்தால் அது வேறு. கூடவே தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் இருந்தால் ரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. ரத்த வாந்தி, தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலம், கை, தாடை வரை பரவும் நெஞ்சுவலி இருந்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அது தார் மாதிரி ஒட்டாது.

படி 2: சாப்பாட்டையும் படுக்கையையும் மாற்றுங்கள்

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும். மதியம் மணி அடித்ததும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே மிஷின் மேல் குனிய வேண்டும். எரிச்சலுக்கு அதைவிட வசதியான நிலை கிடையாது. பீடி சுற்றுபவர்களுக்கும் அப்படித்தான். காலை இடைவேளையில் ஒரு வாழைப்பழம், மதியம் பாதி டப்பா, மீதி சாயங்காலம் என்று பிரித்துப் பாருங்கள்.

எது எரிக்கிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒருத்திக்கு பிரியாணியோடு வரும் கத்திரிக்காய் தொக்கு ஆகாது, இன்னொருத்திக்கு வெறும் வயிற்றுக் காபி. உங்களுக்கு ஆகாததை மட்டும் விட்டால் போதும், பத்தியம் வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுப்பதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு, இடது பக்கம் திரும்பிப் படுங்கள். கட்டில் என்றால் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குச் செங்கல் வைக்கலாம். பாயில் படுப்பவர்கள் தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடியும், வயிறும் அழுந்தும். போர்வைகளை மடித்து இடுப்புக்கு மேலிருந்து தலை வரை சரிவாகப் போடுங்கள்.

படி 3: கடையில் முதல் வார்த்தையே மாதம்தான்

“கர்ப்பமா இருக்கேன், ஏழாவது மாசம், இந்தெந்த மாத்திரை சாப்பிடுறேன்” என்று ஆரம்பியுங்கள். வீட்டுக்காரரை அனுப்பினாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

முதலில் முயலக்கூடியவை அல்ஜினேட் கலந்த சிரப், கால்சியம் கார்பனேட் சப்பும் மாத்திரை, அல்லது அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஆன்டாசிட் (அமிலத்தைச் சமன்செய்யும் மருந்து). அட்டையில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். அலுமினியம் மலச்சிக்கல் தரலாம், மெக்னீசியம் வயிற்றை இளக்கலாம். இதிலும் அடங்காவிட்டால் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஃபெமோடிடின் அல்லது ஒமிப்ரசோல் மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். அதை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

வேண்டாதவற்றைச் சொல்கிறேன். தண்ணீரில் போட்டால் பொங்கும் பொடியும் ஆப்பச் சோடாவும் சோடியம் பைகார்பனேட். உடம்பில் நீர் கோக்க வைக்கும். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ரேனிடிடின் 2022இல் நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. மிசோப்ரோஸ்டால் அல்சருக்கும் தரும் மருந்து, ஆனால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். மெஃபனமிக் ஆசிட் கலந்த வயிற்றுவலி மாத்திரையும் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். விளக்கெண்ணெய் குடிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் தருவோம். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மற்ற துண்டில் போய்விடும். கர்ப்பிணிக்கு என்றால் முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் கவர் மேல் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 4: இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காதீர்கள்

ஆன்டாசிட் சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையும் இரும்போடு சேரக் கூடாது. எரிகிறது என்று இரும்பு மாத்திரையையே நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று கிராமச் செவிலியரிடம் கேளுங்கள்.

படி 5: வயிற்றுப்போக்கு என்றால்

படி 3இல் சொன்ன மெக்னீசியத்தாலோ வேறு எதனாலோ வயிற்றுப்போக்கு வந்தால், வேலூர் வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டைக் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். கஞ்சி, மோர், இட்லி சாப்பிடலாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சந்தேகம் கேட்க 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. காய்ச்சல், மலத்தில் ரத்தம், தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, வயிறு விட்டுவிட்டு இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.