உட்கார்ந்தால் மூச்சு வாங்கியது

கழுத்துத் தண்டுவடத்தில் சி6 அளவில், அதாவது ஆறாவது கழுத்து நரம்பு மட்டத்தில், அடி. படுத்தால் மூச்சு சீராக இருக்கும், வீல்சேரில் உட்கார்ந்ததும் வாங்கும். ஊருக்கெல்லாம் தலைகீழாகத்தானே இருக்கும்! பிசியோதெரபிஸ்ட்தான் விளக்கினார்: மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்தின் நரம்பு, அடிக்கு மேலே சி3 முதல் சி5 வரையிலிருந்து வருவதால் தப்பித்தது; அடிக்குக் கீழிருந்து நரம்பு வரும் வயிற்றுத் தசை வேலை செய்யவில்லை. உட்கார்ந்ததும் குடல் முன்னால் சரிகிறது, உதரவிதானமும் கூடவே இறங்கித் தட்டையாகிவிடுகிறது. அப்புறம் இழுக்க இடமேது?

வயிற்றுக்கு பெல்ட் வாங்கினேன். முதல் நாள் அவசரத்தில் விலா மேலேயே இறுக்கி, இன்னும் திணறினேன். இப்போது படுத்தபடியே, கடைசி விலாவுக்குக் கீழே கட்டிவிட்டுத்தான் எழுவது. ஒரே மூச்சில் 8 வரை எண்ணியவன் 15 எண்ணுகிறேன். இருமலுக்கு மட்டும் இன்னும் தம்பி வேண்டும். நான் இருமும் அதே நொடியில் தொப்புளுக்கு மேலே கைவைத்து, உள்ளேயும் மேலேயுமாக அமுக்குவான்.